பொத்தானை விடாத பெருவிரல்

என் மனைவி எஸ்தர் இறந்த பிறகு நான் ஜெபிக்கவில்லை. திருகோணமலை ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலருகே முழங்காலில் நின்று கெஞ்சினேன். ஆண்டவர் அவளைத் திருப்பித் தரவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால், அவள் ஊறப்போட்ட உளுந்து குசினி அடுப்பருகே புளித்துக் கிடந்தது. அன்றோடு ஆண்டவரோடு எனக்குக் கதை பேச்சு இல்லை.

நான் சிறிய விமானம் ஓட்டுகிறவன். கடந்த மார்கழியில் ஒரு தாயையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு சீனன்குடா விமான நிலையத்துக்கு வந்தேன். கொட்டியாரக் குடாவுக்கு மேலே அடைமழை. அந்த நேரம் பார்த்து வானொலி ஊமையாகிவிட்டது. திரும்பிப் போக எரிபொருளும் போதாது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பதில் வராவிட்டாலும் பேச்சை நிறுத்தக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களுக்கு நம் குரல் போய்க்கொண்டிருக்கலாம். அதனால் ஒவ்வொன்றையும் இருமுறை சொல்ல வேண்டும். நானும் ஆங்கிலத்தில் ஒழுங்காகச் சொன்னேன்: இன்ன உயரம், இன்ன திசை, இறங்கப் போகிறேன். ஓடுபாதை தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. விமானியின் வாயில் அது லேசில் வராது.

பின்னால் குழந்தை வீரிட்டு அழுதது. நான் உடைந்துபோனேன்.

“ஆண்டவரே, எனக்கு ஓடுபாதை தெரியேல்லை. ஒண்டுமே தெரியேல்லை. எஸ்தரைத்தான் தரேல்லை, இந்தப் பிள்ளையையாவது காப்பாத்தும்.”

பேசும் பொத்தானில் என் பெருவிரல் இறுகிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

சற்று நேரத்தில் மழைக்குள்ளே வெளிச்சம் தெரிந்தது. ஓடுபாதை விளக்குகள் முழுப் பிரகாசத்தில் எரிந்தன. இறங்கலாம் என்று கோபுரத்திலிருந்து பச்சை விளக்குக் காட்டினார்கள். இறங்கினேன்.

அன்று கோபுரத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான், கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரர். மழையில் நனைந்தபடி ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

“நீங்க அழுதது முழுக்க எங்களுக்குக் கேட்டது. பாதை தெரியல்லண்டு அப்பதான் விளங்கிச்சு. உடனே வெளிச்சத்தக் கூட்டச் சொன்னன். நீங்க முடிச்சதும் நான் ஆமீன் சொன்னனான். உங்களுக்குத்தான் கேட்டிருக்காது.”

விமானத்தில் சாய்ந்து நின்று விம்மி விம்மி அழுதேன். ஆஸ்பத்திரியில் நான் கெஞ்சியதும் ஆண்டவருக்குக் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் நம்பினேன்.

எஸ்தர் இனி வரமாட்டாள். குசினிக்குள் போக இன்னும் எனக்கு ஏலாது. ஆனாலும் தினமும் ஜெபிக்கிறேன், ஒவ்வொன்றையும் இருமுறை. உங்களில் யாராவது பதில் வரவில்லையென்று ஆண்டவரோடு பேச்சை விட்டிருந்தால், இன்றைக்கே பேசுங்கள். ஒழுங்காகப் பேச வராவிட்டால் அழுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள்.