வெயில் படாத வித்துகள்

லவெர்ன் டட்லியின் வேலை கிருமிகளைக் காயவைப்பது. ராக்கெட் ஏவுதளத்தை அடுத்த டைட்டஸ்வில்லில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், நகம் அளவுள்ள அலுமினியத் தகடுகளில் நுண்ணுயிர்களின் உறங்கும் வடிவமான வித்துகளைச் சொட்டாக விட்டு உலர்த்துவார். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரவ வேண்டும். தகட்டை மெல்லச் சுழற்றியபடி, "தள்ளிப் படுங்கடா, இடமா இல்ல?" என்று அதட்டுவார். எத்தனையோ நாடுகளைச் சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்த நான், அவ்வளவு பொறுமையான கைகளை வேறெங்கும் கண்டதில்லை.

அந்தத் தகடுகள் ஒரு பெட்டியில் விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் ஓராண்டு கிடந்துவிட்டுத் திரும்பின. பெரும்பாலானவற்றில் ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு வரிசையில் மட்டும் கிருமி வளர்க்கும் கூழில் இட்டதும் வெள்ளைப் புள்ளிகள் பூத்தன. நேரடி வெயிலையே உயிர் தாங்கிவிட்டது என்று எங்கள் தலைவர் ஸ்லோன் துள்ளினார். மறுநாளே நிருபர்களை வரச் சொன்னார். அவர்களுக்குத் தரவிருந்த அறிக்கையில் லவெர்னின் பெயரும் இருந்தது. முப்பது ஆண்டுப் பணியில் அதுவே முதல் முறை.

ஒவ்வொரு தகட்டுக்கும், அதனோடு சேர்த்தே உலர்த்திய ஓர் இரட்டையைப் பூமியிலேயே வைத்திருப்பது எங்கள் வழக்கம். நிருபர்கள் வரும் நாள் காலையில் லவெர்ன் முளைத்த வரிசையின் இரட்டைகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்.

"டாக்டரே, இங்க வா. இதப் பாரு."

ஸ்லோன் குனிந்தார். "என்ன இது, குவியலா கிடக்கு?"

"புயல்ல கரண்டு போச்சே, அன்னைக்குக் காயவெச்சது. டார்ச்ச வாயில கவ்விக்கிட்டுச் சுழட்டுனேன், சரியா பரவல. மேல இருந்தது செத்து, கீழ இருக்கிறதுக்குக் குடை பிடிச்சிருக்கு. முளைச்சது வெயிலயே பாக்கல."

"லவெர்ன், உங்க பேரு வர்ற நேரத்துலயா?"

"பொய்ச் சேதியில எம்பேரு எதுக்கு? என் தங்கச்சி ஃப்ரேம் போட்டு மாட்டிருவா. தெனமும் நான்தான பாக்கணும்?"

ஸ்லோன் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "எத்தன அடுக்கு இருக்கும்?" என்றார்.

"எண்ணுனாத்தான் தெரியும்."

வர வேண்டாமென்று நிருபர்களுக்குத் தொலைபேசி போனது. அவர்களுக்காக வாங்கிய டோனட்டுகளை நாங்களே தின்றோம்.

"அடுத்த பெட்டியில வேணும்னே அடுக்குவோம்," என்றார் லவெர்ன், வாய் நிறைய. "ஒன்னு மெல்லிசா, ஒன்னு தடிமனா. எவ்வளவு கனமா பொணம் கெடந்தா அடியில இருக்கிறது பொழைக்கும்னு பாத்துரலாம்."

அடுத்த பெட்டிக்கு விண்கலத்தில் இடம் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அன்று மதியமே அவர் புதுத் தகடுகளைக் கழுவத் தொடங்கிவிட்டார்.