கிளட்ச் டீச்சரின் இடது கால்

சிக்னலில் சிவப்பு விழுந்தால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். கிளட்ச் டீச்சருக்கு மட்டும் முகம் மலரும். "நிறுத்துங்க. நியூட்ரல். ஹேண்ட் பிரேக். ம், இப்போ கேளுங்க" என்று சொல்லிவிட்டு, இருக்கையில் பாதி திரும்பி உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கும் ஆள் இயேசுவைப் பற்றிக் கேட்கும் நிலையில் இருக்கிறாரா, இல்லை மூச்சுவிடும் நிலையிலாவது இருக்கிறாரா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவருடைய வேலை. முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். ஒல்லி, உயரம், உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். சின்ன நீலநிற கார். அதன் தலையில் பயிற்சிப் பள்ளியின் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் 'L' எழுத்து. "கிளட்ச்சை விடுங்க, மெதுவா... மெதுவா... ஐயோ, மெதுவான்னு சொன்னேனே!" என்ற குரல் கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் தெருமுனை வரை கேட்கும். அதனால்தான் அந்தப் பெயர். மளிகைக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் கிளட்ச் டீச்சர்தான். சபையில்கூட ஒருமுறை போதகர் வாய்தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டார். பாடகர் குழுவில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது.

வண்டி ஓடும்போது ரோடு, நின்றால் ஆண்டவர். இதுதான் அவர் சட்டம். எந்தச் சிக்னலுக்கு எந்தக் கதை பொருந்தும் என்பது அவருக்கு அத்துப்படி. மருத்துவமனை முனையில் சிவப்பு சீக்கிரம் மாறிவிடும்; அங்கே காணாமல் போன ஆட்டுக்குட்டிக்குத்தான் நேரம் இருக்கும். பாலத்தடிச் சிக்னல் தாராளம். வீட்டைவிட்டு ஓடிப்போன பையன் அங்கேதான் ஓடுவான். ஆனால் ஒருநாள் பாலத்தடியில் பச்சை சீக்கிரம் விழுந்துவிட்டது. பையன் பன்றிகளோடு பட்டினி கிடக்கும் இடத்தில் கதை அறுந்துபோனது. அன்று வண்டி ஓட்டிய ஆள் மறுநாளே வேறூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பல மாதம் கழித்து ஒரு மதியம் டீச்சருக்குப் போன் வந்தது. "டீச்சர், ஞாபகம் இருக்கா? ரிவர்ஸ்ல குப்பைத்தொட்டியை இடிச்சேனே, நான்தான். அந்தப் பையன் வீடு போய்ச் சேர்ந்தானா இல்லையா? சாப்பிட உக்காந்தாலே அவன் ஞாபகம் வருது."

பயிற்சிப் பள்ளி முதலாளி நல்ல மனிதர். வயிற்றெரிச்சல் மாத்திரையை மிட்டாய்போலச் சப்பிக்கொண்டே இருப்பார். புகார் வரும்போதெல்லாம் டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "பேசாதீங்கன்னு நான் சொல்லலைம்மா. ஓடுற வண்டியிலேர்ந்து குதிக்க முடியாதவங்ககிட்ட பேசாதீங்கன்னு சொல்றேன்."

"நின்ன வண்டியிலதான் சார் பேசறேன். கேட்டுட்டுத்தான் பேசறேன்."

அது உண்மை. முதல் நாளே கேட்டுவிடுவார். "நான் ஆண்டவரைப் பத்திப் பேசற ஆளு. உங்களுக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். வண்டியும் ஒழுங்காத்தான் சொல்லித் தருவேன்." வேண்டாம் என்றவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். அவருக்குச் சிவப்பு விழும்போதெல்லாம் டீச்சர் வாயை மூடிக்கொண்டு அவருடைய மருமகளைப் பற்றிய புகார்களைக் கேட்டார். பயிற்சி முடியும்போது அந்த மருமகளின் காப்பி ருசிகூட டீச்சருக்குத் தெரிந்திருந்தது.

பேச்சோடு நிற்கிற ஆளும் இல்லை. வண்டி சரியாக வராதவருக்கு வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட மாட்டார். அமைச்சர் வீட்டுச் சொந்தக்காரர் என்றாலும் சரி, "இன்னும் நாலு நாள் வாங்க" என்பார். யாரிடமாவது கத்திவிட்டால், மறுநாள் வண்டி எடுப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்பார். பிறகு மறுபடியும் கத்துவார். "மன்னிப்பையும் திட்டையும் ஒரே பையில வச்சிருக்கே, கையை விட்டா எது வரும்னு உனக்கே தெரியாது" என்பார் அவர் கணவர். அவர் எலக்ட்ரீசியன். அதிகம் பேசாதவர்; பேசினால் ஷாக் அடிக்கும்.

இப்படி இருந்தவர் வாழ்க்கையில்தான் ரொட்டிக்கடை அக்கா வந்து ஏறினார்.

அவருக்கு ஐம்பதுக்கு மேல். ரொட்டிக்கடையில் அடுப்பு முன்னால் நின்றே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். உடம்பெல்லாம் மாவு வாசம். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேன் டிரைவர் வேலையை விட்டு நின்றபோது, "அந்த வேலையை எனக்குக் கொடுங்க" என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்துவிட்டு, "மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸோட வா, பார்க்கலாம்" என்றாராம்.

"என் முட்டி ரெண்டும் போச்சு டீச்சரம்மா. உக்காந்து செய்யற வேலை ஒண்ணு இந்த உலகத்துல எனக்குன்னு இருக்கான்னு பார்க்கறேன். என் மகன் சொல்றான், இந்த வயசுல ஸ்டீயரிங்கா, பேசாம டிவியைப் பாருன்னு. டிவியையும் நின்னுக்கிட்டேதான்டா பார்க்கணும், நீ சோபாவுல படுத்திருக்கியேன்னேன்."

டீச்சருக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை வருடத்தில் சிவப்பு விழுந்ததும் "ம், சொல்லு சொல்லு" என்று தானே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பிய முதல் ஆள் அவர்தான். கேள்விமேல் கேள்வி கேட்பார். இயேசுவின் சீடர்களில் மீன்பிடிக்கிற ஒருவர், "அவரை எனக்குத் தெரியவே தெரியாது" என்று பயத்தில் மூன்று தடவை சொன்ன கதையை மார்க்கெட் சிக்னலில் சொன்னபோது, ரொட்டிக்கடை அக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அப்புறம் அவனைப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. கடற்கரையில."

"நல்லாத் திட்டியிருப்பாரு."

"திட்டலைக்கா. மீன் சுட்டு வச்சிருந்தாரு. வா, சாப்பிடுன்னாரு."

"மீனா?"

பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிளந்தது. பச்சை எப்போதோ விழுந்திருந்தது. ரொட்டிக்கடை அக்காவின் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் "கிளட்ச்!" என்று கத்த டீச்சருக்கு மனம் வரவில்லை. பயிற்சி வண்டியில் சொல்லித்தருகிறவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இரண்டும் இருக்கும். டீச்சர் தன் இடது காலால் கிளட்ச்சை மெல்ல விட்டார். அக்கா ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்தினார். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி நகர்ந்தது. "மீன் சுட்டுக் கொடுத்தாரா?" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

அன்றைக்கு ஒருமுறைதான் என்று நினைத்தார். ஆனால் அதற்குப் பிறகு கதை பச்சையைத் தாண்டியும் ஓட ஆரம்பித்தது. மேட்டில் வண்டி எடுக்கும்போது, கூட்டத்தில் ஊரும்போது, அந்த இடது கால் கேட்காமலே வேலை செய்தது. கீழே அக்காவின் கால் கிளட்ச்மேல் சும்மா தொற்றிக்கொண்டு போனது. "எனக்கே நம்ப முடியலை டீச்சரம்மா, வண்டி நான் சொன்னபடி கேக்குது!" என்பார். டீச்சரும் கூடச் சேர்ந்து சந்தோஷப்பட்டார். கையெழுத்தும் போட்டார்.

தேர்வு நாளன்று டீச்சர் மைதானத்துக்கு வெளியே கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேர்வு அதிகாரி டீச்சரின் இருக்கையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கையைக் கட்டிக்கொண்டார். வண்டி நேரே போனது, வளைந்தது, மேட்டில் ஏறி நடுவில் நின்றது. அங்கிருந்து மறுபடி எடுக்க வேண்டும். வண்டி ஒருமுறை குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி குலுங்கியது. மூன்றாம் முறை கடகடவென்று பின்னால் உருண்டது. அதிகாரி பிரேக்கை மிதித்து, கையைக் காட்டி, இறங்கச் சொல்லிவிட்டார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். வேலியோரத்தில் அவருடைய இடது கால் சரளைக் கல்லை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் ரொட்டிக்கடை அக்கா பின் இருக்கையில் கிடந்தார். "கழுதை வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆசை? நல்லாத்தானே ஓட்டினேன். அந்த ஆளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு. என் மண்டை அவ்வளவுதான். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்றாங்க, நான் வரலை. அந்த அடுப்புதான் என் தலையெழுத்து." டீச்சர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். அன்று எல்லாச் சிக்னலிலும் சிவப்பு விழுந்தது.

வீட்டில் கணவர் ஸ்டூல்மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னார்.

"போய்ச் சொல்லிடு" என்றார் அவர் மேலேயிருந்து.

"சொன்னா அவங்க என்னை விட்டுடுவாங்க. அது பரவாயில்லைங்க. என்னோட சேர்த்து ஆண்டவரையும் விட்டுட்டா? இப்பதான் நெருங்கி வர்றாங்க. ஏமாத்துக்காரி சொன்ன சாமின்னு ஆயிடாதா?"

"உன் ஆண்டவர் என்ன உன் காரோட சைடு கண்ணாடியா, நீ இடிச்சா உடையறதுக்கு? ஸ்டூலை ஒழுங்காப் பிடி, நான் விழுந்துடப் போறேன்."

மறுநாள் காலை டீச்சர் ரொட்டிக்கடையின் பின்வாசலில் போய் நின்றார். உள்ளே தட்டுத்தட்டாக ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. ரொட்டிக்கடை அக்கா முழங்கை வரை மாவோடு வந்தார். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க மண்டையில ஒரு குறையும் இல்லைக்கா, தப்பு என் கால்ல. கதை பாதியில நிக்கக் கூடாதுன்னு நான்தான் கிளட்ச்சை விட்டுக்கிட்டு இருந்தேன். மேட்டுல வண்டி எடுக்க உங்களுக்கு நான் சொல்லியே தரலை. உங்களுக்கு வராமலே, வந்துடுச்சுன்னு கையெழுத்தும் போட்டேன். மன்னிச்சிடுங்க."

அக்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்போ வண்டி நான் சொன்னபடி கேக்கலையா?"

"இல்லைக்கா."

"நான் ராத்திரி பூரா அழுதேன். என் மகன் 'நான்தான் அப்பவே சொன்னேனே'ன்னு சொல்லிச் சிரிச்சான். தெரியுமா உனக்கு?" குரல் ஏறியது. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "சரி, இதைச் சொல்லு. அந்த மீன் கதையைக் கேட்டு நான் அழுதேனே, அது மட்டும் நானா அழுததா? இல்லை, அதுக்கும் நீ ஏதாவது பெடல் வச்சிருந்தியா?"

"அதுக்கு என்கிட்ட பெடல் இல்லைக்கா. இருந்தா மிதிச்சிருப்பேன். அதனாலதான் அவரு என்கிட்ட கொடுக்கலை போல."

அக்கா சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பியவர், போகிறபோக்கில் சொன்னார்: "மத்தியானம் வண்டியைக் கொண்டா. உனக்காக இல்லை, என் முட்டிக்காக. ஒண்ணு சொல்லிட்டேன், வாயும் கூடாது, காலும் கூடாது."

அந்த வாரம் முழுக்க நீலக் காரிலிருந்து சத்தமே வரவில்லை. டீச்சருக்கு உடம்புக்கு என்ன என்று மளிகைக்கடைக்காரர் விசாரித்தார். வண்டி குலுங்கியது, அணைந்தது, மறுபடி கிளம்பியது. சிவப்பு விழும்போதெல்லாம் டீச்சர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார்.

மறுதேர்வுக்கு முந்தின நாள், நீதிமன்ற மேட்டுச் சிக்னலில் மாட்டிக்கொண்டார்கள். இருப்பதிலேயே செங்குத்தான மேடு அது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி, சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்து கொஞ்சம் தள்ளியே நின்றது. ரொட்டிக்கடை அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நேரே பார்த்தபடி பேசினார்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே. என் மண்டைதான் மட்டம்னு நான் நம்பிட்டு இருந்திருப்பேன். உன் பேரும் கெட்டிருக்காது."

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நீங்க பேசக் கூடாதுன்னீங்களே."

"கேட்டாப் பதில் சொல்லலாம்."

"பெரிசா ஒண்ணுமில்லைக்கா. ஆண்டவரு உண்மையானவருன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, நான் வேற மாதிரி உக்காந்திருக்க முடியலை."

அக்கா "ம்" என்றார். அந்த "ம்" எந்த வகை என்று யோசிப்பதற்குள் பச்சை விழுந்தது. ஹேண்ட் பிரேக் இறங்கியது. வண்டி ஒரு கணம் தயங்கி, பின்னால் சரிய ஆரம்பித்தது. லாரி ஹாரனை விடாமல் அழுத்தியது. "டீச்சரம்மா!" என்று அக்கா அலறினார்.

டீச்சரின் இடது கால் துடித்தது. அவர் செருப்பை உதறிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். எஞ்சின் உறுமியது, சரிவது நின்றது, பிறகு வண்டி மெல்ல, தன் பலத்தில், மேலே ஏறியது. மேடு முடிந்து, நீதிமன்றத்தைத் தாண்டி, சமதரைக்கு வந்த பிறகும் டீச்சர் கால்களைக் கீழே இறக்கவே இல்லை.