‘சீ’ மயில்வாகனம் பாங்காக் போனது

பெரிய காஞ்சிபுரத்தில் மயில்வாகனம் வீடு எது என்று கேட்டால், எந்த மயில்வாகனம் என்று திருப்பிக் கேட்பார்கள். ‘சீ’ மயில்வாகனம் என்று சொன்னால் போதும், தெருவில் விளையாடுகிற நண்டு சிண்டுகூட வீட்டைக் காட்டிவிடும். அப்படி ஒரு மனிதர். எதைப் பார்த்தாலும் சீ. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் தறியை விட்டு இறங்கித் தெருக்கோடியில் போய் நின்றுகொள்வார். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்கைச் சிந்திவிட்டு அதே கையால் கம்பியைப் பிடித்தான் என்று அய்யம்பேட்டையிலேயே இறங்கி, உச்சி வெயிலில் ஊர்வரைக்கும் நடந்தே வந்தார். கூடப்பிறந்த தங்கச்சி வீட்டு மோரில் எறும்பு மிதந்தது என்று பதினோரு வருஷம் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. தங்கச்சி அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

இதற்காக அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடியும் முன்னே குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஏகாம்பரநாதரை ஒருதரம் நினைத்துக்கொண்டுதான் தறியில் உட்காருவார். அவர் நெய்த முகூர்த்தப் புடவையில் ஓர் இழை தப்பியிருந்தது என்று இதுவரை ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அந்தக் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக ஒரு முட்டை வாசற்படி தாண்டியதில்லை.

அப்பேர்ப்பட்டவரைப் பாங்காக்குக்கு வரவழைத்தவன் அவருடைய ஒரே மகன் நமச்சிவாயம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, அங்கே ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனவன். போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இங்கே மயில்வாகனம் தன் பால்ய சிநேகிதர் வீரபாகுவின் மகள் இந்திராணியை அவனுக்குப் பேசி முடித்து, வெற்றிலை பாக்கும் மாற்றிவிட்டார். ஆவணியில் கல்யாணம். மகனுக்கு மூன்று கடிதம் போட்டார். மழை எப்படி, அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினானே தவிர, கல்யாணப் பேச்சுக்கு ஒரு வரி பதில் கிடையாது. நாலாவது கடிதத்துக்குக் கப்பல் டிக்கெட்டை அனுப்பி, ‘நீ ஒருதரம் வந்து ஊரைப் பாத்துட்டுப் போ பா’ என்று எழுதியிருந்தான்.

“போய் நல்லா சுத்திப் பாத்துட்டு வா. ஆனா வரும்போது அவனைக் கையோட இட்டாந்துடணும், சொல்லிட்டேன்,” என்றாள் அவர் மனைவி காமாட்சியம்மாள். “இல்லாட்டி வீரபாகு அண்ணன் மூஞ்சில நாம முழிக்க முடியாது.”

எழுபத்திரண்டாம் வருஷம் வைகாசி மாதம் மயில்வாகனம் சென்னையில் கப்பல் ஏறினார். பினாங்கில் இறங்கும்வரை அவலும் வாழைப்பழமும்தான். பிறகு ரயில். பாங்காக்கில் வந்து இறங்கியபோது ஆள் பாதியாகியிருந்தார். மகன் கொழுகொழுவென்று இருந்தான். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைக்கு மேலே ஒற்றை அறை. மகன் சோறும் ரசமும் வைத்தான். அடுப்பு மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு புட்டி இருந்தது. நல்லெண்ணெய் போலிருக்கிறது, தலைக்கு ஒரு கை வைக்கலாம் என்று மயில்வாகனம் மூடியைத் திறந்தார். நல்ல வேளை, முதலில் மோந்து பார்த்தார். மீனை மாதக்கணக்கில் உப்பில் ஊறப்போட்டு வடித்த சாறு. புட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். கையைச் சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவினார்.

“பக்கத்து ரூம்காரன் வச்சிட்டுப் போயிட்டான் பா,” என்றான் நமச்சிவாயம்.

அவர் நம்பினார். பெற்ற பிள்ளையை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அன்று சாயந்திரம் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். கடைத்தெருவில் தோலுரித்த வாத்துகள் கழுத்தோடு வரிசையாகத் தொங்கின. ஒருத்தி உயிரோடு இருக்கிற தவளைகளைக் காலைக் கட்டிக் கொத்துக் கொத்தாக விற்றாள். கண்றாவி! எல்லாருமே எதையாவது தின்றுகொண்டு நடந்தார்கள். மயில்வாகனம் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, எதிரே வருகிறவர்கள் மேலே படாமல் உடம்பை ஒடுக்கி ஒடுக்கி நடந்தார். மாரியம்மன் கோயில் இருக்கிறது, நம் ஊர் ஆட்கள் கட்டியது என்று மகன் கூட்டிப்போனான். விபூதி கொடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்பாடா என்று ஒரு மூச்சு விடப் போனார். வெளியே தெருவோரத்தில் பன்றி இறைச்சி வாட்டிய புகை பிராகாரம் வரைக்கும் வந்தது. விட வந்த மூச்சை அப்படியே அடக்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் அரண்மனையை ஒட்டிய பெரிய புத்தர் கோயில். சும்மா சொல்லக்கூடாது, கோபுரமெல்லாம் தகதகவென்றிருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பரவாயில்லையே, ஆசாரம் தெரிந்தவர்கள்தான் என்று முதல் தடவையாக மனசு கொஞ்சம் இளகியது. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் பூவும் ஊதுபத்தியும் ஏந்தி வந்தாள். தட்டில் ஒரு குவியல் அவித்த முட்டை.

“டேய், சாமிக்கு முட்டையாடா?”

“வேண்டுதல் பா. இங்க அப்படித்தான்.”

“கர்மம், கர்மம்! வா அந்தாண்ட.”

மதில் முழுக்க ராமாயணச் சித்திரம் எழுதியிருந்தது. இதோ ராமர், இதோ ராவணன், சேனையைப் பார் என்று அவரே மகனுக்குக் காட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் வந்து கால் நின்றுவிட்டது. மீன் வால் வைத்த ஒரு பெண்ணோடு அனுமார் சரசமாடிக்கொண்டிருந்தார்.

“இவரை இன்னாடா பண்ணி வச்சிருக்கானுங்க?”

“இந்த ஊருக் கதையில அவருக்குக் கொஞ்சம் பொம்பள சகவாசம் உண்டு பா.”

மயில்வாகனம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்ததும், போதும் இந்த ஊர் பார்த்தது என்று நேரே விஷயத்துக்கு வந்தார்.

“ஆவணி பத்து முகூர்த்தம். கடையில லீவு கேட்டியா?”

நமச்சிவாயம் கீழே கிடந்த ஒரு இலையை எடுத்துக் கிழித்தான். “நாளைக்குப் பேசலாம் பா. நாளைக்கு ஒரு எடத்துக்குப் போறோம்.”

“இன்னும் இன்னாடா எடம்? எங்க போனாலும் நாத்தம்!”

“இது உனக்குப் பிடிக்கும் பா,” என்றான் மகன். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதற்காகத்தான் அவர் சரி என்றார்.

மூன்றாம் நாள் காலையில் படகில் கால்வாய் வழியே போனார்கள். ஒரு வீட்டுப் படியில் ஒருத்தி மீன் கழுவினாள். அடுத்த வீட்டுப் படியில் ஒருவன் அதே தண்ணீரில் வாய் கொப்பளித்தான். மூன்றாவது வீட்டில் நடந்ததை எழுத எனக்கே கூசுகிறது. படகு எகிறும்போதெல்லாம் தண்ணீர் முகத்தில் தெறித்தது. ஒரு சொட்டும் உள்ளே போய்விடக்கூடாது என்று மயில்வாகனம் உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படகு ஒரு மர வீட்டின் படியில் நின்றது. ஏறிக் கதவருகே வந்தவர் சட்டென்று நின்றார். மூக்கில் கட்டியிருந்த துண்டைக் கழற்றினார். மூன்று நாளாக மேல்மூச்சிலேயே காலம் தள்ளிய மனிதர், நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து விட்டார்.

காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக் கொல்லையில், சாயம் போடும் முன் கச்சாப் பட்டு நூலை வேகவைக்கிற அண்டா ஒன்று உண்டு. அது கொதிக்கும்போது ஒரு நெடி வரும். வெளியூர் சம்பந்திமார் மூக்கைப் பிடிப்பார்கள். மயில்வாகனத்துக்கு அதுதான் வீடு. பிறந்த நாளிலிருந்து அந்த நெடியில்தான் படுத்தார், எழுந்தார். அதே நெடி இங்கே, இந்தப் பாழாய்ப்போன ஊரில்!

“தறி வீடாடா?” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நமச்சிவாயம் பார்த்தான்.

“ஆமா பா. எங்க கடைக்கு இங்கதான் சரக்கு எடுக்கறோம்.”

உள்ளே தறி இருந்தது. துணியைப் புரட்டிப் பார்த்து, “பரவாயில்ல, கை சுத்தம்,” என்றார். அவர் வாயிலிருந்து வந்த சொல்தான், சந்தேகமே வேண்டாம். தறியில் இருந்த பெண் எழுந்து கைகூப்பினாள். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசு இருக்கும். நமச்சிவாயம் அவளிடம் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னான். அவள் அவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அந்த நெடி அங்கிருந்துதான் வந்தது.

கரி அடுப்பின்மேல் பானை. கொதிக்கிற தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாகக் கூடுகள் உருண்டன. பெண்ணின் தாயார் ஒரு குச்சியால் கிண்டி, மேலே நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். பட்டு புழுவிலிருந்து வருகிறது என்று மயில்வாகனத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் கண்டதெல்லாம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக வருகிற நூலைத்தான். புழு என்பது அவருக்குக் காதில் விழுந்த ஒரு சேதி, அவ்வளவுதான். இப்போது கூடு கரையக் கரைய உள்ளே இருந்தது வெளியே வந்தது. பழுப்பாக, சுருக்கம் சுருக்கமாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு. தாயார் அதையெல்லாம் அகப்பையால் அரித்து ஒரு கிண்ணத்தில் போட்டாள். போட்டுவிட்டு அதில் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள். விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தபடி கிண்ணத்தை நீட்டினாள்.

மயில்வாகனத்துக்கு உச்சந்தலை வரைக்கும் சிலிர்த்தது. மகனைப் பார்த்தார். அவன் அந்தப் பெண்ணிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு நிற்கவில்லை, கண்ணும் திரும்பவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்குப் போய்க் கிண்ணத்திலிருந்து இரண்டை எடுத்து, வேர்க்கடலை தின்பதுபோல வாயில் போட்டுக்கொண்டது. மென்றான். விழுங்கினான்.

பார்த்துக்கொண்டே நின்றார் மயில்வாகனம். கடிதம் கடிதமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இவன் ஆவணிக்கு வரமாட்டான். எந்த மாதத்துக்கும் வரமாட்டான்.

அதற்குமேல் தாங்கவில்லை. மரக்கிராதியைப் பிடித்துக்கொண்டு கால்வாயில் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தார். யாரோ ஓடிவந்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்தப் பெண்தான். காமாட்சியம்மாள் பிடிப்பதைப்போலவே உள்ளங்கையை அழுத்திப் பிடித்தாள். அந்தக் கையும் பானையில் புழங்குகிற கைதானே என்று நினைத்ததும் அவருக்கு மறுபடி ஒரு தடவை குமட்டியது. கையைத் தட்டிவிட்டார்.

படித்துறையில் போய் உட்கார்ந்தார். மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

“யார்ரா அந்தப் பொண்ணு?”

“சோம்ஸ்ரீ பா.”

“பேரைக் கேட்டனா நான்?”

“கட்டிக்கப் போறேன் பா. கடுதாசில எழுத தைரியம் வரல. நீ வந்து ஒருதரம் பாத்தா...”

“இதுக்குத்தான் மூணு நாளா ஊரைக் காட்றேன்னு இட்டுக்கினு சுத்தினியா? தூ! எப்படிடா மனசு வந்துது வாயில போட?”

“எத்த?”

“புழுவைடா, பாவி! புழுவை!”

நமச்சிவாயம் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சத்தியமாக அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. “பழகிப்போச்சு பா,” என்றான்.

தின்றதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பார். தின்றதே அவனுக்குத் தெரியவில்லையே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கையை ஓங்கிவிட்டார். அவன் விலகவில்லை.

“மொதமொதல்ல சரக்கு எடுக்க வந்தப்ப வாசப்படியிலயே நின்னுட்டேன் பா,” என்றான். “நம்ம கொல்லை வாசனை. ஊரை உட்டு வந்து ஏழு மாசம் ஆயிருந்துது, ஒரு நாளு ஒழுங்காத் தூங்கினதில்ல. அன்னிக்கு இந்தப் பலகைமேல படுத்து அப்படியே தூங்கிட்டேன். அப்புறம் சரக்கு இருந்தாலும் இல்லாட்டியும் வந்துக்கினு இருந்தேன்.”

“அது புழு வேகற நாத்தம்டா!”

“நீயும்தான் துண்டை அவுத்துட்டு மூச்சை இழுத்தே. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்.”

ஓங்கிய கை தானாக இறங்கியது. வாயைத் துடைக்கத் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தின் முனையை எடுத்தார். அவரே நெய்த பட்டுக்கரை. உதடுவரைக்கும் கொண்டுபோனவர் அதைக் கீழே விட்டுவிட்டுப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

பத்து நாள் இருப்பதாக வந்தவர், நாலாம் நாளே ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டார். மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வைத்த சோற்றைத் தொடவில்லை. ரயிலில் உட்கார்ந்தபிறகும் எதிர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நமச்சிவாயம் ஜன்னல் வழியாக ஒரு சீப்பு வாழைப்பழத்தை உள்ளே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்தைந்து வயசு ஆம்பிளை, கண் கலங்கி நின்றான்.

வண்டி ஊதியது.

“வீரபாகு கால்ல நான் விழுந்துக்கறேன்,” என்றார் மயில்வாகனம், பலகையைப் பார்த்தபடியே. “அறைஞ்சான்னா வாங்கிக்கறேன்.”

“அம்மாகிட்ட இன்னாபா சொல்லுவே?”

“உங்கம்மா மொதல்ல இன்னா கேப்பான்னு உனக்குத் தெரியாது?”

“தெரியும் பா. அவங்க இன்னா சாப்பிடறவங்கன்னுதான் கேக்கும்.”

வண்டி நகர்ந்தது. நமச்சிவாயம் கம்பியை விடாமல் கூடவே நடந்து வந்தான். மயில்வாகனம் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், வார்த்தை வர நேரமாயிற்று.

“சைவம்னு சொல்றேன்,” என்றார்.

சொன்ன வாயே அவருக்கு அருவருத்தது. எழுந்து, மகன் நின்ற பக்கம் தெறிக்காமல், எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போய்க் காறித் துப்பினார்.