காட்டுப்பாக்கத்து வித்யா

மண்ணூர்பேட்டையில் அவள் ரேணுகா. கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவன் பால்ராஜ் அந்தக் கம்பெனி இருந்த தொழிற்பேட்டையிலேயே வேன் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று அவனிடம் சொல்லிவிட்டுக் காட்டுப்பாக்கத்தில் போய் இறங்கினால், அங்கே அவள் வித்யா. வீடு தேடி வந்து புருவம் திருத்தி, ஃபேஷியல் செய்துவிடுகிற பெண். நாலு வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வீடுதான்.

அந்த வீட்டில்தான் அவள் தங்கை கனிமொழி செத்துப்போனாள். ஜெகனோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவளை அப்பா ஜம்புலிங்கம் தலைமுழுகியிருந்தார். இரண்டு வருஷம் கழித்துப் போலீஸிலிருந்து போன் வந்தபோது தனியாகப் போனார். வயிற்று வலி தாளாமல் தன்னை மாய்த்துக்கொண்டாள், யார் மீதும் சந்தேகம் இல்லை என்று எழுதியிருந்ததில் கையெழுத்துப் போட்டார். சாவை விசாரிக்க வந்த ஆர்.டி.ஓ. கேட்டபோதும் அதையே சொன்னார். "கையி பூரா சூடு வச்ச தழும்புடி" என்று ரேணுகாவிடம் ஒரே ஒருமுறை சொன்னதோடு சரி.

ஜெகன் வருஷம் திரும்புவதற்குள் லாவண்யாவைக் கட்டிக்கொண்டான். ரேணுகாவை அவன் பார்த்ததே கிடையாது. அந்த ஒன்றை நம்பித்தான் அவள் மூன்று மாதம் பியூட்டிஷியன் வகுப்புக்குப் போனாள், வேறு பெயரில் கார்டு அடித்தாள், அவன் கிரிக்கெட் ஆடப் போயிருந்த ஒரு தை மாதக் காலையில் கதவைத் தட்டினாள்.

லாவண்யாவுக்கு இருபத்திரண்டு வயதுதான். படுக்கையறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அறையில் மின்விசிறி மட்டும் புதிதாக இருந்தது. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ரேணுகா குனிந்தபோது, காதுக்குப் பின்னால் கன்றிப்போய்ப் பச்சை கட்டியிருந்தது தெரிந்தது.

"இன்னாம்மா இது?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்கா."

பெண்டாட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது ஜெகனின் ஆசை. அதனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். முகம் எப்படி மாறியிருக்கிறது, நீயே பார் என்று ரேணுகா ஒவ்வொரு தடவையும் போனில் படம் எடுத்தாள். லாவண்யா அதற்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படத்திலும் தேதி இருந்தது. ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு காயம். ஒன்று போதாது, ஐந்து போதாது என்று ரேணுகா நினைத்தாள். வழுக்கி விழுந்தேன் என்று ஒருமுறை சொல்லலாம், இருபது முறை சொல்ல முடியாது. இதையும் வயிற்று வலி என்று முடித்துவிடக் கூடாது. போன தடவையைவிடப் பெரிய காயம் கிடைத்த ஒரு நாள், பஸ்ஸில் திரும்பும்போது மனசு உள்ளுக்குள் திருப்திப்படுவதைக் கண்டு போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள். ஆனாலும் அடுத்த முறையும் போனாள்.

ஆவணியில் ஒரு கல்யாணம். அன்று கதவைத் திறந்தவன் ஜெகன். மரியாதையாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"கழுத்தாண்ட இருக்கிறது தெரியாத மாதிரி மேக்கப் போட்டு வுடுங்கக்கா. சொந்தக்காரங்கல்லாம் வர்றாங்க."

நாலு விரல்களின் தடம். ரேணுகா தன் கையாலேயே அதைப் பூசி மறைத்தாள். லாவண்யா கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தொடும்போது மட்டுந்தான்கா எனக்கு பயமில்லாம கீது."

தான் யார் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள். கூடத்தில் ஜெகன் டிவியைப் போட்டான். பையை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, லாவண்யா இடது காதைத் துண்டால் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தாள். துண்டில் ரத்தம். ஜெகன் வெளியே போயிருந்தான். ரேணுகா ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து மகளிர் காவல் நிலையத்துக்கும் கூட்டிப்போனாள்.

எஸ்.ஐ. பெயர் கேட்டார்.

"ரேணுகா. அந்தாளோட மொதல் பொண்டாட்டி என் தங்கச்சி" என்று போனை மேஜைமேல் வைத்தாள். எஸ்.ஐ. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க, லாவண்யாவும் எட்டிப் பார்த்தாள். முதல் படத்தின் தேதியில் அவள் கண் நின்றது.

"தை மாசமே தெரியுமாக்கா உனக்கு?"

"கேஸ் நிக்கணும்ல, லாவண்யா. அதான்..."

"பார்த்துகினே இருந்தியா?"

லாவண்யா துண்டைக் காதோடு அழுத்திக்கொண்டு பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே புகாரையும் எழுதிக் கொடுத்தாள்.

ஜெகனை அன்று மாலையே பிடித்தார்கள். அந்தப் படங்களால் இரண்டு முறை ஜாமீன் கிடைக்கவில்லை. கனிமொழியின் கேஸை மட்டும் யாரும் திறக்கவில்லை. தகப்பனாரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றார்கள். "அப்ப நான் இத்தினி நாளா யாரோட குடித்தனம் பண்ணேன்?" என்று, ஓவர்டைம் பொய் தெரிந்துபோன பால்ராஜ் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் வேனை எடுத்துக்கொண்டு போனான்.

லாவண்யா நசரத்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ரேணுகா ஒருநாள் தேடிப் போனபோது, அவள் அம்மா பூங்காவனம் கேட்டருகிலேயே நிறுத்திப் பேசினாள்.

"நீ இல்லாங்காட்டி அவ செத்திருப்பா. அது எனக்குத் தெரியும்மா. ஆனா உன்ன பார்க்க மாட்டேங்கிறா. இனிமே வராத."

அங்கிருந்து நேரே அப்பா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஜம்புலிங்கம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்குக் காது?"

"ஒரு பக்கம் இனிமே கேக்காதாம்பா."

பாதிச் சாப்பாட்டில் அவர் தட்டிலேயே கை கழுவினார். ரேணுகா தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினாள்.