இரண்டு காதுக்கும் ஒரே அளவு

எங்கள் சித்தப்பாவுக்குத் தெருவில் வைத்த பெயர் 'கால் டிகிரி'. விளிம்பு உடைந்த, கீறல் விழுந்த கலர் கற்களை மறுபடி பட்டை தீட்டிச் சரிசெய்வது அவர் தொழில். ஒரு பட்டை கால் டிகிரி சாய்ந்தாலும் போதும், கல்லுக்குள் போன வெளிச்சம் திரும்பி வராமல் அடிவழியாக ஓடிவிடும் என்பார். அது நியாயம்தான். ஆனால் சுவரில் தொங்கும் காலண்டர், கதவுத் தாழ்ப்பாள், பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரின் மீசை என்று எல்லாவற்றுக்கும் அதே கணக்கு.

"கோச்சுக்காதீங்கண்ணே, இடது பக்கம் கால் டிகிரி எறங்கியிருக்கு."

நாலு நாள் கேட்டுவிட்டு ஜெராக்ஸ்காரர் மீசையையே எடுத்துவிட்டார். ஐந்தாம் நாள் சித்தப்பா அவர் உதட்டைக் கவனிக்க ஆரம்பித்தார்.

"கல்யாணத்தன்னைக்கே ஒரு கண்ணை மூடிக்கிட்டு என் மூக்கைப் பாத்த மனுசன் இவரு. நான் வெக்கத்துல குனிஞ்சேன்னு ஊரே நெனச்சுது. மூக்கை மறைக்கத்தான் குனிஞ்சேன்," என்பாள் சித்தி. கல்லுக்குக் கடைசி மெருகு போடுவது அவள் வேலை. சித்தப்பாவுக்கு அணை போடுவதும் அவளேதான்.

ஒரு புதன்கிழமை பல் டாக்டரம்மா வந்தார். பேசினாலே நம்மை நாற்காலியில் சாய்த்துவிடும் குரல். கையில் ஒரு ஜோடி நீலக்கல் தோடு. ஒரு கல்லின் விளிம்பில் மணல் துகள் அளவுக்குச் சில்லு போயிருந்தது.

"வாஷ் பேசின்ல விழுந்துடுச்சு. என்னோடது இல்ல, மாமியாரோடது. ஒரு கல்யாணத்துக்குப் போட இரவல் வாங்கினேன். ஞாயித்துக்கெழமை வர்றாங்க. தெரிஞ்சா நான் காலி."

"அத்தையம்மா அவ்வளவு பொல்லாதவங்களா?" என்றாள் சித்தி.

"ஊரே என்னைக் கண்டா வாயைத் தொறக்குது. நான் அவங்களைக் கண்டா வாயை மூடிக்குவேன்."

சித்தப்பா வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். இரண்டும் எட்டு மில்லிமீட்டர். சில்லு போகும்வரை தேய்த்தால் ஒன்று கொஞ்சம் சிறுக்கும். தோட்டில் கல்லைப் பிடிக்கும் கொக்கிகளை நெருக்கி வளைத்தால் ஏழு வரை பிடிக்கும். அதற்குக் கீழே போனால் கல் நிற்காது, விழுந்துவிடும்.

"ஒண்ணு மட்டும் செஞ்சா போதும்," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு காதுக்கும் நடுவுல ஒரு மூஞ்சியே இருக்கு. யாரு அளந்து பாக்கப்போறா?"

"அதானே!" என்றார் சித்தப்பா. அந்த 'அதானே'யில் சுரம் சரியில்லை என்று சித்திக்கு அப்போதே பட்டது.

மறுநாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. கல்லை அரக்கு வைத்துக் கம்பி நுனியில் ஒட்டி, வைரப்பொடி பூசிய தட்டைச் சுழலவிட்டு, விளிம்பையும் அடிப்பட்டைகளையும் புதிதாய்ப் போட்டார். சில்லு போன இடம் தெரியவில்லை. ஏழு புள்ளி எட்டு. பக்கத்தில் மற்றக் கல்லை வைத்தார். அது எட்டு. மூன்று தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். நாலாவது தடவை அதையும் கம்பியில் ஒட்டிவிட்டார்.

அது ஏழு புள்ளி எட்டில் நின்றிருக்க வேண்டும். அப்போதுதான் லென்ஸில் ஒரு கீறல் தெரிந்தது. உலகத்தில் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் கீறல். அதை எடுத்ததில் ஏழு புள்ளி ஆறு. இப்போது முதல் கல் பெரிசு. அதை இறக்கினார். அதிலும் ஒரு கீறல்.

"என்னங்க," என்றாள் சித்தி, "ரெண்டு பூனைக்கும் கொரங்கு பங்கு வச்ச கதையாட்டம் போகுதே?"

"கிட்டத்தட்ட வந்துட்டேன்டி."

"அந்தக் கொரங்கும் அப்படித்தான் சொல்லியிருக்கும்."

வெள்ளிக்கிழமை மாலை ஏழு புள்ளி மூன்று. டாக்டரம்மா போன் செய்தார். "எப்படி இருக்கு? வலியில்லாம முடிஞ்சுதா?"

"கடைசிக் கட்டம்," என்றார் சித்தப்பா. பொய் சொல்லும்போது அவருக்குக் குரல் மெலிந்து பிள்ளைக்குரலாகிவிடும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒன்று ஏழு புள்ளி ஒன்று நாலு, மற்றது ஏழு புள்ளி ஒன்று இரண்டு.

"ரெண்டே புள்ளிடி. ஒரே ஒரு தடவை தொட்டு எடுத்தா..."

"எடுத்தா ஏழுக்குக் கீழ போயிரும். அப்புறம் அந்தம்மா காதுல கொக்கிதான் மின்னும்."

"மெதுவாத்தான்டி தொடுவேன்."

சித்தி நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். தட்டு முனகிக்கொண்டே நின்றது. ஜெராக்ஸ் கடையும் அதே லைன்தான். அங்கிருந்து, "யோவ், யாருய்யா அது!" என்று ஒரு சத்தம் வந்தது. சித்தப்பா கம்பிகளிலிருந்து கற்களைக் கழற்றி, கொக்கிகளை நெருக்கி வளைத்து, தோட்டில் ஏற்றும்வரை சித்தி சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தோட்டை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். சித்தப்பாவைத் தன்னோடு அழைத்துப் போகவில்லை. வழியில் ஏதாவது கீறல் கண்ணில் படும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சித்தப்பா போனுக்கு எதிரிலேயே இருந்தார். மாமியார் கண்டுபிடித்துவிட்டால் டாக்டரம்மாவுக்குப் போகப்போவது மானம், சித்தப்பாவுக்குப் போகப்போவது பெயர். திங்கட்கிழமை காலையில்தான் போன் அடித்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"போட்டுக் காமிக்கச் சொன்னாங்க. போட்டேன். கிட்ட வந்து பாத்தாங்க. தள்ளி நின்னு பாத்தாங்க."

"கண்டுபிடிச்சுட்டாங்களா?" பிள்ளைக்குரல்.

"இல்ல. 'ஏம்மா, இவ்வளவு குண்டாயிட்டே? மூஞ்சி பெருத்துப்போய்த் தோடே சின்னதாத் தெரியுது பாரு'ன்னாங்க. என்னத்தைச் சொல்றது? கல்லுதான் சின்னதாயிடுச்சுன்னு சொல்ல முடியுமா? 'ஆமா அத்தை, கொறைக்கணும்'னேன். நேத்து ராத்திரி எனக்கு வெறும் வெள்ளரிக்கா. இன்னும் ரெண்டு வாரம் இருக்காங்களாம்."

சித்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். டாக்டரம்மா நன்றி சொன்னாரா, திட்டினாரா என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

சித்தப்பா சிரிக்கவில்லை. போன் பக்கம் குனிந்தார்.

"அது கெடக்கட்டும் டாக்டர். ரெண்டும் ஒரே அளவா இருக்குன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"அதைப் பத்தி யாரும் பேசவே இல்லீங்க."

"யாருமேவா?"

போன் வைத்துவிட்ட பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்று மத்தியானம் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.