அது நைலோன்தான்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு தொப்பி இருக்கிறது. அதைப் போடவும் மனம் வராது, எறியவும் மனம் வராது. நுவரெலியாவுக்குப் போகும்போது குளிருக்குப் போடு என்று கனடாவிலிருந்து அக்கா அனுப்பியது. காதை மூடும் பக்கமெல்லாம் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று ரோமம். அதைக் காணும்போதெல்லாம் கண்டி நடைபாதை ஒன்றில் நான் செய்த காரியம் நினைவுக்கு வந்துவிடும். நல்லது செய்யத்தான் போனேன். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தவள். கண்டியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை, குண்டசாலையில் வாடகை வீடு. ஒருநாள் மதியம், கூட வேலை செய்யும் சிங்களப் பெண் தன் போனில் ஒரு காணொளியைக் காட்டினாள். எங்கோ ஒரு குளிர்நாடு. வரிசை வரிசையாகக் கம்பிக் கூடுகள். உள்ளே நரி மாதிரியான பிராணிகள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்றை வெளியே இழுத்து, உயிர் போவதற்கு முன்பே தோலை உரித்தார்கள். அதன் கண்கள் அசைந்துகொண்டிருந்தன. அன்று நான் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. நாம் வாங்குவதால்தான் அவர்கள் உரிக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். சரியான பேச்சு. இன்றைக்கும் அதில் எனக்கு மறுப்பில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளும் நானும் அலுவலகத்துச் சிங்களவர்களுமாகப் பதினைந்து பேர் பதாகைகளோடு நகரத்தில் கூடினோம். எல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழில் ஒன்றே ஒன்று, நான் எழுதியது: "உயிரை உரித்து உடுத்தாதே." சொற்கள் அப்படி மோனை பிடித்ததுபோல் வந்து விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

முதலில் ஒரு பெரிய உடுப்புக் கடையின் முன்னால் நின்றோம். காவலாளி வந்தான், பிறகு மேலாளர் வந்தார். இது எங்கள் காணி, பொலிசுக்குச் சொல்லட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எங்கள் பருப்பு அங்கே வேகவில்லை. அப்போது யாரோ ஒருவர், சந்தைப் பக்கம் நடைபாதையில் ஒரு பெண் ரோமக் கொலர் வைத்த ஜக்கெட் விற்கிறாள் என்றார். பதினைந்து பேரும் திரும்பி நடந்தோம். வீரமாகத்தான் நடந்தோம்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். பொலித்தீன் விரிப்பில் ஜக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள். நாங்கள் சூழ்ந்துகொண்டு கோஷம் போட்டோம். ஒருவர் போனில் படம் பிடித்தார். அவள் பதறிப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் கையிலிருந்த தமிழ்ப் பதாகையைக் கண்டதும் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க தமிழ்தானே? இது நெசமான முடி இல்லக்கா, நைலோன். ஒம்பது வருஷம் கார்மெண்ட்ல வேல செஞ்சிருக்கேன், எனக்குத் தெரியும். இந்தா பாருங்க."

கொலரிலிருந்து ஒரு சிட்டிகை ரோமத்தைப் பிய்த்து லைட்டரால் பொசுக்கினாள். அது சுருண்டு உருகி, கடுகளவு கறுப்பு உருண்டையானது.

"நெசமான முடின்னா முடி கருகுற வாசம் வரும், சாம்பலா உதிரும். பாத்தீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க, இத நீங்க அவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்கக்கா."

பார்த்தேன். நன்றாக விளங்கியது. அவள் என்ன சொல்கிறாள் என்று பின்னால் நின்றவர்கள் என்னைக் கேட்டார்கள். போன் என் முகத்துக்கு நேரே திரும்பியது. சொல்ல வேண்டியிருந்தது இரண்டே சொற்கள். ஆனால் எட்டு வருடம் அந்த அலுவலகத்தில் 'தமிழ் மிஸ்' ஆக இருந்தவள், அன்றுதான் முதல்முறையாக அவர்களில் ஒருத்தியாக நின்றேன். தமிழச்சி தமிழச்சிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

"தப்பிக்க ஏதோ சாட்டுச் சொல்கிறாள்" என்றேன், சிங்களத்தில்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அன்று அதை ஏறவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

அவள் லைட்டரை அணைத்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்னாலிருந்த கடை முதலாளி வந்து, வாசலில் கலாட்டா வேண்டாம், மூட்டையைக் கட்டு, இனி இங்கே வராதே என்று கத்தினார். அவள் அவருக்குப் பதில் சொன்னாள். அது என்னுடையதைவிடச் சுத்தமான, சரளமான சிங்களம். ஒன்பது வருடம் கார்மெண்டில் சிங்களப் பெண்களோடு வேலை செய்தவளுக்கு வராதா? நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவள் ஜக்கெட்டுகளை அரிசிச் சாக்கில் திணித்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அக்காவின் தொப்பியை எடுத்தேன். இதுவும் நைலோன்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டு, ஒரு சிட்டிகை பிய்த்து காஸ் அடுப்பில் காட்டினேன். உருகவில்லை. கோழி வாட்டும்போது வருகிற மணம் குசினியை நிறைத்தது. விரலில் சாம்பல் உதிர்ந்தது. அக்காவுக்கு போன் எடுத்தேன்.

"ஓமடி, அசல் ரோமம்தான்" என்றா, பெருமையோடு. "உனக்கெண்டு தேடி வாங்கினனான்."

ஊருக்குத்தான் உபதேசம். நான் அழுததை அக்கா சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டா.

பிறகு பல நாள் அந்த நடைபாதையில் போய்ப் பார்த்தேன். அவள் வரவில்லை. அந்த இடத்தில் ஒருவர் போன் உறைகள் விற்கத் தொடங்கினார். எங்கள் குழுவுக்கு நைலோன் கதையையும் சொல்லவில்லை, தொப்பிக் கதையையும் சொல்லவில்லை. கூட்டங்களுக்குப் போவதை மட்டும் மெல்ல மெல்ல விட்டேன். கூடுகளில் அந்தப் பிராணிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அவற்றுக்கும் நான் உதவவில்லை.

போன மாதம் பேராதனைக்குப் போகக் கலஹா பஸ்ஸில் ஏறினேன். நடு இருக்கையில் அவள், மடியில் ஒரு பையோடு. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் பொய் சொல்லிப்போட்டன். நீங்கள் சொன்னது எனக்கு வடிவா விளங்கினது. அது நைலோன்தான்."

அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் ஒதுங்கி இடம்கூட விட்டாள்.

"கமக் நே, நோனா" என்றாள்.

பரவாயில்லை அம்மணி என்று சிங்களத்தில் அர்த்தம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முன் இருக்கையில் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டு, "புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சாக்கா?" என்று கேட்டாள்.