மீன்சுருட்டிக்குப் பதினோரு விநாடி

எனக்கு இன்றுவரை கண்ணாடி கிடையாது. முந்திரிப் பருப்பைத் தட்டில் கொட்டினால், சொத்தை கிடக்கும் இடத்துக்குக் கை போகுமுன் கண் போய்விடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் கூலிக்குக் கொட்டை உடைக்கப் போன கொட்டகையையே பின்னாளில் விலைக்கு வாங்கினவள். எல்லாம் இந்தக் கண் கொடுத்தது. பத்து வயதில் இதை நம்பித்தான் ஒரு நட்சத்திரத்தையே என்னிடம் ஒப்படைத்தார்கள். மீன்சுருட்டியில் வேறு யாருக்காவது அப்படி நடந்ததா, விசாரித்துப் பாருங்கள்.

என் தாய்மாமன் திருச்சியில் ஒரு காலேஜில் அட்டெண்டர். அங்கிருந்த சயின்ஸ் சார் ஒரு கணக்குப் போட்டிருந்தார். சூரியனைச் சுற்றி எங்கோ தொலைவில் திரிகிற பெரிய கல் ஒன்று, ஒரு நட்சத்திரத்துக்கு நேரே வந்து சில விநாடி அதை மறைக்கப் போகிறதாம். வெவ்வேறு ஊரில் நின்று அந்த விநாடிகளை அளந்தால் கல்லின் அளவு தெரிந்துவிடுமாம். பெரம்பலூர்ப் பக்கம் வாலிகண்டபுரத்தில் ஒருவர், நடுவில் அரியலூரில் சார், கிழக்கே எங்கள் ஊரில் மாமா. ஆளுக்கொரு டெலஸ்கோப், ஒரு ஸ்டாப் வாட்ச்.

மாமா கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு மெட்ராஸ் ஐ. இமையே திறக்க முடியவில்லை. என்னை ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்தார். நட்சத்திரம் போனதும் பொத்தானை ஒரு அமுக்கு, திரும்பி வந்ததும் இன்னொரு அமுக்கு. நடுவில் கண்ணைச் சிமிட்டினால் தோலை உரித்துவிடுவேன் என்றார்.

ஏழரை மணிக்குத் தெருவே விளக்கை அணைத்துவிட்டு எங்கள் வாசலில் கூடியிருந்தது. குழாய்க்குள் நட்சத்திரம் உப்புக்கல் மாதிரி மின்னியது. அது ஓரத்துக்கு நகர நகரக் குழாயைத் தள்ளித் தள்ளிப் பிடித்தேன். பொத்தான்மேல் கட்டைவிரல் வேர்த்து வழுக்கியது. மாமா காதருகே "இப்ப, இப்ப" என்கிறார். ஊரே மூச்சை அடக்கிக் காத்திருக்கிறது.

நட்சத்திரம் போகவே இல்லை.

கால் மணி நேரம் கழித்து எதிர்வீட்டு அத்தை எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டது. "ஏன் தம்பி, தெரு வெளக்கு அத்தனையும் அணைக்க வச்சீங்க. அந்த ஒத்த வெளக்க அணைக்க முடியலியா?"

சிரிப்பு கடைத்தெரு வரை போனது. மாமா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இனி இந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்றார்.

காலையில் அரியலூருக்கு பஸ் ஏறினோம். சார் தங்கியிருந்த அறையில் வாலிகண்டபுரத்துக்காரர் எங்களுக்கு முன்பே வந்து, ஒன்பது செகண்டு என்று கல்யாணச் சாப்பாட்டைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். அரியலூரில் ஏழு செகண்டாம். மாமா தலை தரையைப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நான் பிடித்திருந்த ஸ்டாப் வாட்சை அமுக்கினேன். உள்ளங்கையில் அது துடிக்கத் துடிக்க, மனசுக்குள் எண்ணி, ஒன்பதைத் தாண்டவிட்டு மறுபடி அமுக்கி நீட்டினேன்.

முள் பதினொன்றில் நின்றது.

சார் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நட்சத்திரம் போகலைன்னாலும் சொல்லும்மா, தப்பே இல்ல. அதுவும் எனக்கு வேணும். கல்லு எங்க முடியுதுன்னு அதுலதான் தெரியும்."

"போச்சு சார். நானே பாத்தேன்."

மாமா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சார் காகிதத்தில், விநாடிக்குத் தக்க நீளத்தில், ஊருக்கொரு கோடாக மூன்று போட்டார். வாலிகண்டபுரத்துக் கோட்டையும் அரியலூர்க் கோட்டையும் வளைத்து ஒரு வட்டம் வரைந்தார். எல்லாவற்றிலும் நீளமான எங்கள் கோடு வட்டத்துக்கு வெளியே தூரத்தில் தனியாக நின்றது. அழித்தார். நீட்டி வரைந்தார். சரிவரவில்லை, மறுபடி அழித்தார். அந்த இடத்தில் காகிதம் நைந்து ஓட்டை விழுந்தது. இன்னொரு தாளை எடுத்தார். எங்கள் ஊரை உள்ளே சேர்க்க இந்த மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"விடாதீங்க சார்," என்றேன். "எப்படியும் சேந்துடும்."